ட்ரீ சாடில் போட்டு வான்கோழி வேட்டை: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒஹாயோவோட தென்கிழக்குல வெய்ன் நேஷனல் ஃபாரஸ்ட்னு ஒரு மலைக்காடு இருக்கு, ஏப்ரல் கடைசி ஆச்சுன்னா நான் அங்க தான் இருப்பேன், காட்டு வான்கோழி வேட்டைக்கு. மான் வேட்டைக்காரங்க மரத்துல தொங்கிக்கிட்டு உக்கார்ற ட்ரீ சாடிலை நான் வான்கோழிக்கும் தூக்கிட்டு போறேன்னு தெரிஞ்சதுல இருந்து கொலம்பஸ் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க விடாம கேள்வி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதை விட எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், வான்கோழிக்கு சாடிலோட பலன் உயரத்துல இல்ல, கால் தரையில இருக்கும்போது தான் இருக்கு. கீழ இருக்குற பாதி பதில் அதை சுத்தி தான் வரும்.

அண்ணே, சாடில்னா என்ன? சேஃப்டி ஹார்னஸும் அதுவும் ஒண்ணு தானா?

இல்லப்பா, ரெண்டும் வேற. ஹார்னஸ் போட்டுக்கிட்டு நீங்க மர ஸ்டாண்டுல நிப்பீங்க, தவறி விழுந்தா மட்டும் தான் அது பிடிக்கும். சாடில்ல ஆரம்பத்துல இருந்தே உங்க எடை கயித்து மேல தான் இருக்கும், இடுப்புலயும் தொடையிலயும் மாட்டிக்கிற ஊஞ்சல் சீட்டு மாதிரி. முன்பக்கம் இடமும் வலமும் இணைக்கிற ஒரு சின்ன கயிறு இருக்கும், அது பேரு ப்ரிட்ஜ். மரத்தை சுத்திக் கட்டுற கயிறு டெதர். டெதர்ல ஒரு ப்ரூசிக் முடிச்சோ (எடை விழுந்தா இறுகிக்கிற முடிச்சு) இல்ல கயித்தை கடிச்சு பிடிக்கிற ஒரு மெட்டல் கருவியோ இருக்கும், அதுல காராபினர், அதாவது ஒரு மெட்டல் கொக்கி, போட்டு ப்ரிட்ஜை மாட்டணும். மரம் ஏறும்போது இடுப்புல ரெண்டு பக்கமும் மாட்டிக்க லைன்மேன் கயிறுன்னு இன்னொண்ணு. கரண்ட் கம்பம் ஏறுறவங்க, பெரிய மரம் வெட்டுறவங்க போடுற பெல்ட்டோட வழியில வந்த சாமான் தான் இது.

சாடில்ல டெதர் லூஸா இருக்கவே கூடாது. நீட்டம் அதிகம் இல்லாத ஸ்டாட்டிக் கயிறு அது, ரெண்டு அடி விழுந்தா கூட உடம்பு முழுக்க பலமா அதிரும். எப்பவும் இழுத்த நிலையில வச்சுக்கோங்க.

வான்கோழிக்கு எல்லாரும் மரத்துல சாஞ்சு தரையில தானே உக்கார்றாங்க, இது எதுக்கு?

ஊர்ல பண்ணையில பாத்த வான்கோழியை மறந்துடுங்க. காட்டு வான்கோழி பறக்கும், ராத்திரி மரத்துல அடையும், விடியும்போது இறங்கும். மோப்ப சக்தி பெருசா கிடையாது, ஆனா கண்ணு பயங்கரம், கலர் நல்லா தெரியும், கண்ணு ரெண்டும் தலையோட பக்கவாட்டுல இருக்குறதால கழுத்தை லேசா திருப்பினா சுத்தியிருக்குற எல்லாத்தையும் பாத்துடும். நம்மளை காட்டிக்கொடுக்கிறது வாசனை இல்ல, அசைவு தான்.

இப்ப தரையில உக்காந்து பாருங்க. முதல் அரை மணி நேரம் நல்லா இருக்கும், அப்புறம் ஒரு வேர் குத்தும், பின்பக்கம் மரத்துப் போகும், ஏப்ரல் மழையில ஊறின தரை பேண்ட்டை நனைக்கும், மலைச்சரிவா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கீழ சறுக்கிக்கிட்டே இருப்பீங்க, காலை மாத்தி வைக்கலாம்னு அசையுற அந்த நொடியில தான் சத்தமே இல்லாம வந்து நின்ன சேவல் (ஆண் வான்கோழி) உங்களை பாத்துட்டு போயிடும். சாடில்ல எடை கயித்துல இருக்குறதால இந்த பிரச்சனை எல்லாம் பாதிக்கு மேல குறையுது. முதுகு வலி உள்ளவங்க, முட்டி மடக்கி உக்கார முடியாதவங்க கண்டிப்பா ஒரு தடவை முயற்சி பண்ணணும். உண்ணியும் குறையும், இலைக்குவியல் மேல உக்கார்றது இல்லையே. (அதுக்காக பேண்ட்டுல பெர்மெத்ரின் பூச்சி மருந்து அடிக்காம போயிடாதீங்க, எங்க காட்டுல உண்ணி ஜாஸ்தி.)

ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு இடம்னு நடந்துக்கிட்டே வான்கோழி மாதிரி சத்தம் கொடுத்து சேவலை கூப்பிட்டு பாக்குற ஆளா நீங்க, அப்ப இது சுமை தான், ஒரு குஷன் போதும்.

எவ்வளவு உயரத்துல ஏறணும்? மானுக்கு 20 அடி ஏறுறேன், அதே போதுமா?

வசந்த கால வேட்டைக்கு ஏறவே வேண்டாம்னு தான் சொல்லுவேன். மானுக்கு உயரம் போறதே பெரும்பாலும் வாசனை தப்பிக்கவும் கண்ணு மட்டத்துல இருந்து விலகவும் தான். வான்கோழிக்கு வாசனை கணக்கே இல்ல. மேல பாக்காதுன்னு நினைக்காதீங்க, பருந்தும் பெரிய கொம்பு ஆந்தையும் மேல இருந்து வர்ற எதிரிங்க, அதுக்கு ஆகாயத்தை பாத்து பழக்கம் உண்டு. ஏப்ரல் கடைசியில எங்க பக்கம் ஓக் மரம் இலை விட்டிருக்காது, மொட்டை மரத்துல 20 அடி உயரத்துல வெளிச்சத்துக்கு எதிரா ஒரு கறுப்பு உருவம் அசைஞ்சா காடு முழுக்க தெரியும். இன்னொண்ணு, சேவல் 200 கஜம் தள்ளி கத்துது, வரமாட்டேங்குது, நீங்க நகர்ந்து போய் வேற கோணத்துல கூப்பிடணும், மரத்து மேல இருந்தா இறங்கவே பத்து நிமிஷம் ஆகும், அதுவும் முழு வெட்டவெளியில.

புதர் ரொம்ப உயரமா இருக்குற இடத்துல ஒரு சின்ன ப்ளாட்ஃபார்மை ரெண்டு மூணு அடி உயரத்துல மாட்டினா புதருக்கு மேல பார்வை கிடைக்கும், அது நல்ல உபயோகம். அதுக்கு மேல எனக்கு தேவைப்பட்டதே இல்ல.

சரி, தரையில நின்னுக்கிட்டே எப்படி கட்டுறது? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

முதல்ல மரம். உங்க தோள் அகலத்துக்கு கிட்டத்தட்ட இருக்கணும், ஏன்னா சாடில்ல நீங்க மரத்தை பாத்து தான் இருப்பீங்க, மரம் தான் உங்க மறைவு. ரொம்ப பெருசும் வேண்டாம், வழக்கமான டெதர் 8 அடி, 2 அடி குறுக்களவு மரத்துக்கே சுத்தளவு 6 அடிக்கு மேல வந்துடும், மிச்ச கயிறு உங்களுக்கு வேணும். மரம் உயிரோட இருக்கணும், இது கட்டாயம். சாம்பல் மரம்னா, அதாவது ஆஷ், தொடவே தொடாதீங்க. எமரால்ட் ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு, 2002ல மிச்சிகன்ல கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷமே ஒஹாயோவுக்கு வந்துடுச்சு, இப்ப எங்க காட்டுல ஆஷ் எல்லாம் பட்டுப்போய் நிக்குது, பாக்க உறுதியா தெரியும், ஆனா சொல்லாம கொள்ளாம உடையும். நீங்க தொங்காட்டியும் மேல இருந்து கிளை விழும். ஹிக்கரியும் வெள்ளை ஓக்கும் நல்லது, சொரசொரப்பான பட்டையில கயிறு வழுக்காது.

கயிறு கட்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பட்டையை ஒரு சுத்து பாருங்க. மரத்தோட ஒட்டி கறுப்பா, முடி முளைச்ச மாதிரி நாரு நாரா ஒரு கொடி ஏறியிருந்தா அது பாய்ஸன் ஐவி. இலை இல்லாத நேரத்துலயும் அந்த கொடியில எண்ணெய் இருக்கும், டெதர் அதுல பட்டா கயித்துல ஒட்டும், கயித்துல இருந்து கை, கையில இருந்து முகம், அடுத்த ரெண்டு வாரம் அரிப்பு தான்.

அப்புறம் டெதரை நெத்தி உயரத்துல கட்டுங்க, அது ஆரம்ப அளவு தான். ப்ரிட்ஜை மாட்டிட்டு மெதுவா எடையை விடுங்க, முட்டி ரெண்டும் மரத்துல பதியணும், கால் தரையில தட்டையா இருக்கணும், தொடை கிட்டத்தட்ட நாற்காலியில உக்காந்த நிலைக்கு வரணும். கீழ இறங்கிட்டே போனா டெதரை சுருக்குங்க. இடுப்பெலும்பு ரெண்டு பக்கமும் நெருக்கினா சீட்டை பின்பக்கத்துக்கு கீழ இன்னும் இறக்கி விடுங்க, பெரும்பாலும் அதுலயே சரியாயிடும், இல்லன்னா ப்ரிட்ஜ் நீளத்தை மாத்துங்க. முட்டிக்கு பேட் கட்டாயம், இல்லன்னா ஒரு மணி நேரத்துல ஹிக்கரி பட்டை சதையில அச்சு குத்திடும்.

மலைச்சரிவுல மரத்தோட மேட்டுப்பக்கமா, பள்ளப்பக்கமான்னு கேப்பாங்க. எந்தப்பக்கம் இருந்து சேவல் வரும்னு நினைக்கிறீங்களோ அதுக்கு மரத்தோட எதிர்ப்பக்கம். மேட்டை நோக்கி ஏறி வர்ற சேவலை கூப்பிடுறது சுலபம்னு பழைய வேட்டைக்காரங்க சொல்லுவாங்க, என் அனுபவமும் அதே தான், அதனால நான் மேட்டுப்பக்கம் நின்னு பள்ளத்தை பாக்குறதை விரும்புவேன்.

எல்லாத்தையும் வீட்டு பின்னாடி மரத்துல பகல்ல பழகிட்டு தான் இருட்டுல கட்டணும்.

தரையில உக்கார்ற முறையில முதுகுக்கு மரம் காவல். சாடில்ல முதுகு திறந்து கிடக்குமே?

இதை கேட்ட அக்காவுக்கு நன்றி, ஏன்னா இந்த விஷயத்துல இது தான் ரொம்ப முக்கியமான கேள்வி, நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல.

பழைய முறையில தோளை விட அகலமான மரத்துல சாஞ்சு உக்கார சொல்றது வசதிக்கு மட்டும் இல்ல. நீங்க வான்கோழி மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு இருக்கீங்க, முழுக்க கேமோ (காட்டோட கலந்து போற உடுப்பு), பக்கத்துல சேவலை ஏமாத்தி வரவைக்க வான்கோழி பொம்மை, உங்க பின்னாடி இருந்து இன்னொரு வேட்டைக்காரர் அந்த சத்தத்தை கேட்டு வந்தா மரம் உங்களை காப்பாத்தும். சாடில்ல அந்த காவல் இல்ல. அதனால பொது நிலத்துல நான் பின்னாடி இன்னொரு பெரிய மரமோ, விழுந்த தடிமரமோ, பாறையோ இருக்குற இடமா பாத்து தான் கட்டுவேன், அப்படி இடம் கிடைக்கலன்னா சாடிலை பைக்குள்ளயே வச்சுட்டு பழையபடி தரையில உக்காந்துடுவேன். பின்னாடி இருக்குற மரத்துல நல்ல ஆரஞ்சு பட்டை ஒண்ணு கட்டிடுங்க, அசையாத ஆரஞ்சை பாத்து சேவல் ஓடுறதை நான் பாத்ததில்ல. நடக்கும்போது ஆரஞ்சு தொப்பி.

சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு எதுவும் உடம்புல வெளிய தெரியக் கூடாது, உள்பனியன், சாக்ஸ், கைக்குட்டை வரைக்கும். சேவலோட தலை அந்த கலர்ல தான் மாறிக்கிட்டே இருக்கும், உடம்பு கறுப்பு. யாராவது வர்றது தெரிஞ்சா கை ஆட்டாதீங்க, வான்கோழி சத்தமும் போடாதீங்க, மனுஷக் குரல்ல சத்தமா பேசுங்க. வேட்டை கெட்டா கெட்டுட்டு போகட்டும்.

துப்பாக்கியா, வில்லா? எது சாடிலுக்கு ஒத்து வரும்?

ரெண்டும் வரும். வலது கைக்காரருக்கு மரத்தோட இடது பக்கம் வர்ற பறவை சுலபம், வலது பக்கம் கஷ்டம், அதனால சேவல் இடது பக்கமா வர்ற மாதிரி பொம்மையை வைங்க. ஷாட்கன்ல குழாயை மரத்தோட பக்கவாட்டுல அணைச்சு வச்சா கை ஆடாது, நீங்க மரத்தோட ஒரு பகுதி மாதிரி ஆயிடுவீங்க. கேஜ்ங்குறது குழாயோட அளவு, எண் கூடினா குழாய் சின்னது. 12 கேஜ்ல பெரிய தோட்டா போட்டு தொங்கிக்கிட்டே சுட்டா உதை உங்களை சுத்தி விட்டுடும், கால் தரையில ஊனியிருந்தா பிரச்சனை இல்ல. நான் 20 கேஜ் தான் வச்சிருக்கேன், இப்ப வர்ற டங்ஸ்டன் குண்டு ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல அடர்த்தி, சின்ன துப்பாக்கியே போதுமான வேலை செய்யுது. அதுக்காக தூரத்தை நீட்டாதீங்க, 40 கஜத்துக்கு உள்ள வரட்டும்.

வில்லுக்காரங்களுக்கு தான் சாடில் நிஜமாவே வரப்பிரசாதம். வில்லை இழுக்குற அசைவு தான் வான்கோழி வேட்டையில பெரிய தலைவலி, கூடாரம் இல்லாம வில்லோட போறவங்க நிறைய பேர் அதுலயே தோத்துடுவாங்க. சாடில்ல நடுவுல மரம் இருக்கு, அதுக்கு பின்னாடி இழுத்துட்டு மெதுவா வெளிய சாஞ்சா போதும். இளஞ்சேவல் பொம்மையை 12, 15 கஜத்துல உங்களை பாத்த மாதிரி வைங்க. பெரிய சேவல் வந்து அதோட முகத்துக்கு நேரா நின்னு சண்டைக்கு இழுக்கும், அப்ப அதோட முதுகு உங்க பக்கம், விரிச்ச வாலு அதோட கண்ணையே மறைக்கும், அது தான் நேரம்.

அவ்வளவு கிட்டத்துல ஒரு சேவலை பாக்குறது சாதாரண விஷயம் இல்லங்க. முதல்ல காதுக்கு வர்றது கத்தல் இல்ல, நெஞ்சுக்குள்ள உணர்ற மாதிரி ஒரு அடி மேளம், "ஸ்ப்பிட்... டூம்ம்ம்"னு. அப்புறம் மரப்பட்டை ஓரமா ஒரு கண்ணை வச்சு பாத்தீங்கன்னா இறக்கை நுனி காஞ்ச இலையில உரசிக்கிட்டே வரும், மூக்கு மேல தொங்குற சதை நீண்டு அலகை தாண்டி தொங்கும், தலை உச்சி வெள்ளையா, கன்னம் நீலமா, கழுத்து ரத்தச் சிவப்பா இருக்கும், வெயில் பட்டா கறுப்பு இறகுல செம்புக் கலர் ஓடும்.

எங்க குறி வைக்கணும்?

ஷாட்கன்னா கழுத்துல இறகு முடிஞ்சு சதை ஆரம்பிக்கிற இடம். தோகை விரிச்சு நிக்கும்போது கழுத்து உள்ள இழுத்திருக்கும், அப்ப சுடாதீங்க, ஒரு சின்ன சத்தம் கொடுத்தா தலையை நீட்டும். வில்லுன்னா பக்கவாட்டுல நிக்கும்போது இறக்கை உடம்போட சேர்ற இடம், முதுகு காட்டினா வால் அடியில நடு எலும்பு. உயரத்துல இருந்து நேர் கீழன்னா ரெண்டு இறக்கைக்கும் நடுவுல. உயிர்நிலை ரொம்ப சின்னது, சந்தேகம் இருந்தா விட்டுடுங்க.

அடையுற மரத்துக்கு பக்கத்துல போய் சாடில் கட்டலாமா?

கூடாது. முந்தின நாள் சாயங்காலம் ஆந்தை சத்தம் கொடுத்தா சேவல் பதிலுக்கு கத்தும், எங்க அடையுதுன்னு கேட்டு வச்சுக்கலாம், காலையில 100, 150 கஜம் தள்ளி, இருட்டோட கட்டி முடிச்சிடணும். மேல அடைஞ்சிருக்குற பறவைக்கு நீங்க கீழ செய்ற எல்லாமே தெரியும். காராபினர் டிங்குனு ஒரு தடவை மோதினா போதும், மெட்டல் எல்லாத்துலயும் துணி டேப் சுத்திடுங்க. அடைஞ்சிருக்குற பறவையை சுடுறது பல மாநிலங்கள்ல குற்றம், சட்டம் இல்லாத இடத்துலயும் அது வேட்டையே இல்ல.

இலையுதிர் காலத்துல மரத்து மேல இருந்து வான்கோழி அடிக்கிறாங்களே?

ஆமா, அங்க உயரம் சரி. ஒஹாயோவுல செப்டம்பர் கடைசியில மான் வில் சீசன் ஆரம்பிக்கும், அக்டோபர்ல அனுமதி உள்ள கவுண்டிகள்ல (மாவட்டம் மாதிரி) வான்கோழி சீசனும் சேர்ந்து வரும், அப்ப பெட்டையும் அடிக்கலாம். மானுக்காக 18 அடியில தொங்கிக்கிட்டு இருக்கும்போது ஓக் கொட்டை பொறுக்க ஒரு கூட்டம் கீழ வரும். இலை இன்னும் இருக்கும், மறைவு உண்டு. ஆனா ஒரு கூட்டத்துல எத்தனை கண்ணுன்னு யோசிச்சுக்கோங்க, எல்லா தலையும் கீழ குனியுற வரைக்கும் பொறுமை வேணும்.

வசந்தத்துல ஒரே ஒரு பறவை தானா? முன்னாடி ரெண்டு இருந்துச்சே.

2022ல இருந்து ஒண்ணு தான், நெஞ்சுல தாடி, அதாவது முடிக்கொத்து மாதிரி தொங்குறது, உள்ளது மட்டும். எனக்கு இதுல வருத்தமே இல்ல. 1904 வாக்குல ஒஹாயோவுல காட்டு வான்கோழி ஒண்ணு கூட இல்லாம போச்சு, காட்டை அழிச்சதும் கணக்கில்லாம சுட்டதும் தான் காரணம். 1956ல வேற மாநிலத்துல இருந்து பிடிச்சு வந்து விட ஆரம்பிச்சாங்க, 1966ல ஒன்பது கவுண்டியில முதல் சீசன் திறந்தப்ப மொத்தமே 12 பறவை தான் கிடைச்சுது. மாநிலம் முழுக்க வசந்த சீசன் வந்தது 2000ல தான். இவ்வளவு பாடுபட்டு திரும்ப வந்த பறவை, எண்ணிக்கை குறையுதுன்னு தெரிஞ்சா ஒண்ணோட நிறுத்திக்கிறது தான் சரி.

நான் ஹெச்-1பி விசாவுல இருக்கேன், போகலாமா?

விசாவுல இருக்குறவங்க துப்பாக்கி வச்சிருக்க மத்திய அரசு சட்டத்துல தடை இருக்கு, முறையா வாங்கின வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விலக்கு உண்டு. அதனால முதல்ல ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ், அப்புறம் லைசென்ஸ், வான்கோழி பெர்மிட், அதுக்கு அப்புறம் தான் நண்பரோட துப்பாக்கியை கூட தொடணும். லைசென்ஸ் காலாவதி தேதியை கவனிங்க. உங்க கேஸ் எப்படின்னு ஒரு வக்கீல் கிட்ட கேட்டுக்கிறது நல்லது, ஒரு பறவைக்காக குடியேற்ற விஷயத்துல சிக்கல் வேண்டாம். வில்லு, க்ராஸ்போவுக்கு இந்த தடை பொருந்தாது, லைசென்ஸ் மட்டும் வேணும்.

சட்டம்னு வந்ததால இன்னும் ரெண்டு விஷயம். மரத்துல துளை போட்டு திருகுற ஸ்க்ரூ ஸ்டெப் (ஏறுற படி) பல பொது நிலங்கள்ல தடை, கயிறு பெல்ட் மட்டும் போடுற சாமான் தான் பாதுகாப்பு. வேட்டை நேரமும் பாருங்க, எங்க பக்கம் சீசன் ஆரம்பத்துல மதியத்தோட முடிஞ்சிடும்.

பழைய சாடில் மலிவா வருது, வாங்கலாமா?

துணி சீட்டு ஓகே, தையல் பாத்து வாங்கலாம், எடை அளவு லேபிள்ல பாருங்க, நிறைய மாடல் 300 பவுண்டு வரைக்கும். கயிறு மட்டும் புதுசு. யாரோ வெயில்ல போட்டு வச்ச கயிறா, பூச்சி மருந்து கொட்டின கயிறான்னு உங்களுக்கு தெரியாது. ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி கயித்தை அடி அடியா விரல்ல உருட்டி பாருங்க, உள்ள மெலிஞ்சோ, கட்டியாவோ, வெளிநூல் பஞ்சு பஞ்சாவோ இருந்தா வெட்டிப் போடுங்க, முடிஞ்சு உபயோகிக்காதீங்க. கம்பெனி சொல்ற ஆயுசை தாண்டாதீங்க.

பறவை விழுந்துடுச்சு, நான் கயித்துல இருக்கேன். இப்ப?

முதல்ல துப்பாக்கியோட சேஃப்டி லாக்கை போடுங்க, கண்ணை பறவை மேல இருந்து எடுக்காதீங்க. விழுந்ததும் பயங்கரமா இறக்கை அடிக்கும், அது பெரும்பாலும் நரம்பு துடிப்பு தான், ஆனா தலை தூக்கினா இன்னொரு தடவை சுட வேண்டியிருக்கும், அதனால உடனே ஓடணும்னு காராபினரை கழட்ட அவசரப்பட வேண்டாம். அடங்கினதும் துப்பாக்கியை காலி பண்ணுங்க, அதுக்கு அப்புறம் எழுந்து நின்னு எடையை காலுக்கு மாத்திட்டு கழட்டுங்க. ப்ளாட்ஃபார்ம்ல உயரத்துல இருந்தா காலி துப்பாக்கியை கயித்துல இறக்கிட்டு, லைன்மேன் கயிறு மாட்டிக்கிட்டு தான் டெதரை தொடணும். விபத்து நிறைய நடக்கிறது ஏறும்போதும் இறங்கும்போதும் தான், சந்தோஷத்துல கை நடுங்கும்போது இன்னும் கவனம் வேணும். பறவைக்கு டேக் (அடையாளச் சீட்டு) எழுதி மாட்டுங்க, அன்னைக்கு ராத்திரி 11:30க்குள்ள ஒஹாயோவுல கேம் செக், அதாவது அடிச்ச பறவையை அரசுகிட்ட பதிவு பண்றது, முடிச்சிடணும்.

கறி எப்படி இருக்கும்?

நெஞ்சுல கொழுப்பு கிடையாது, அதிகம் வேகவிட்டா நார் நாரா ஆயிடும், மெல்லிசா வெட்டி மிளகு போட்டு சட்டுனு வறுத்து எடுங்க. கால் முழுக்க தசைநார், குக்கர்ல நல்லா விசில் விட்டு மெத்துனு வந்ததும் நாரை உருவிட்டு குழம்புல போட்டா அருமையா இருக்கும், காலை தூக்கி போடுறவங்களை பாத்தா எனக்கு மனசு கேக்காது. டங்ஸ்டன் குண்டு ஈயம் மாதிரி நசுங்காது, பல்லு தான் உடையும், அதனால கழுத்து, மேல்நெஞ்சு கறியை சமைக்கிறதுக்கு முன்னாடி துண்டு துண்டா விரலால அழுத்தி தடவிப் பாத்துடுங்க, குழந்தைங்க சாப்பிடுறதா இருந்தா ரெண்டு தடவை.